ஸைனுலாப்தீன் அன்ட் சன்ஸின் ஒரே பணிப்பாளர்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஸைனுலாப்தீன் ஹாஜியார் ஐஸ் பெக்டரி போட்டு அதைக் கம்பனியாகப் பதிந்தபோது, பெயர் 'ஸைனுலாப்தீன் அன்ட் சன்ஸ்' என்றே வைத்தார். சன்ஸ் இரண்டு பேரும் அப்போது கட்டாரில் இருந்தார்கள். பெக்டரியில் நின்று மீன்பிடி போட்காரர்களோடு மல்லுக்கட்டியது மகள் சபூறா. "மகள்ட பேரையும் போட்டா என்ன?" என்று யாரோ கேட்டதற்கு, "அன்ட் சன்ஸ் எண்டாத்தான் பேங்கில மதிப்பு" என்று ஹாஜியார் சொன்னாராம். சபூறா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வேலை தன் கையில்தானே இருக்கிறது என்று நினைத்தாள்.

வாப்பா மௌத்தான பிறகு பங்குகள் வாரிசு முறைப்படி பிரிந்தன. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் ஆண் மக்களுக்கு இரண்டிரண்டு பங்கு, சபூறாவுக்கு ஒன்று. ஊரில் நிற்பது அவள் மட்டும் என்பதால் கம்பனியின் ஒரே பணிப்பாளராகவும் அவளையே நியமித்தார்கள். கம்பனியின் பதிவு முகவரி சபூறாவின் சீதன வீடு. உம்மா இருந்ததும் அங்கேதான்.

சபூறா இனிமையான ஆள் என்று சொல்ல மாட்டேன். கடன் கேட்டு வந்தவரை வெயிலில் நிற்க வைத்துக் கதைப்பாள். ஆனால் ஒழுங்கு என்றால் ஒழுங்கு. வருடா வருடம் கணக்காய்வு, வருடாந்தப் பொதுக் கூட்டம், கம்பனிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை எல்லாம் நேரத்துக்குப் போகும். கூட்டத்துக்குத் தம்பிமாரை டெலிபோனில் எடுப்பாள்.

"குடும்பத்துக்குள்ள என்ன கூட்டம் ராத்தா? பெருநாளைக்கு வரக்குள்ள கதைப்பமே" என்று மூத்த தம்பி றாஸிக் சிரிப்பான்.

"இது குடும்பம் இல்ல மனே, கம்பனி" என்பாள் சபூறா.

கல்முனை மெயின் வீதியில் கந்தோர் வைத்திருந்த பவிதரன்தான் கம்பனிச் செயலாளர். இப்படி ஒழுங்காக நடக்கிற கம்பனி இந்தப் பக்கத்தில் வேறு இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

கொரோனாவுக்குப் பிறகு தம்பிமார் இருவரும் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார்கள். றாஸிக் வந்த கையோடு பெக்டரிக்குப் பக்கத்தில் இறால் பொதி செய்கிற மண்டபம் ஒன்று கட்ட வேண்டும் என்றான். சபூறா மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முதல் ஐஸ் உறைய வைக்கிற அமோனியாக் குழாய்களை மாற்ற வேண்டும், துரு ஏறிக் கிடக்கிறது, அந்த வேலை முடியுமட்டும் பெக்டரியை மூட வேண்டும் என்றாள்.

"சீசன்ல மூடினா போட்காரன் எல்லாரும் வேற எடத்துக்குப் போயிடுவான்" என்றான் றாஸிக்.

"போனாத் திரும்பி வருவான். காஸ் வெடிச்சா ஆள் திரும்பி வருமா?"

அவள் பணிப்பாளர். மூடச் சொல்லி எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். றாஸிக் சண்டை பிடிக்கவில்லை. கூட்டம் கூட்டினான். சட்டம் கேட்கிற முன்னறிவித்தலோடு, நோக்கம் 'பணிப்பாளரை நீக்குதல்' என்று தெளிவாகப் போட்டு, பதிவு முகவரியிலேயே கூட்டினான். அதாவது சபூறாவின் வீட்டு மண்டபத்தில்.

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் அவள்தான். வீட்டுக்கு வந்தவர்களை எப்படிச் சும்மா இருத்துவது? றாஸிக் கையைத் தூக்கினான். இளையவன் றமீஸ் நிலத்தைப் பார்த்தபடி தூக்கினான். அந்த இரண்டு கையுமே போதும். ஆனாலும் றாஸிக் திரும்பிப் பார்க்க, உம்மாவும் கையைத் தூக்கினா. புதிய பணிப்பாளர் றாஸிக் என்று பவிதரன் குறித்துக்கொண்டார்.

"சட்டப்படி எல்லாம் சரிதான் அக்கா" என்று போகும்போது மெல்லச் சொன்னார்.

"தெரியும் தம்பி. நான்தானே இவங்களுக்குக் கூட்டம் நடத்தப் பழக்கின" என்றாள் சபூறா.

அன்று அவள் அழவில்லை. ஆனால் அவளால் தாங்க முடியாதது ஒன்று இருந்தது. கூடப் பிறந்தவர்கள் கலைத்து வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் சொல்வது. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் வேறு கதை சொன்னாள். "பிரஷர் கூடிப் போச்சு. ஏலாது. நானாத்தான் தம்பிட்டக் குடுத்தன்." கணவர் அபுல் ஹஸனைக்கூட அப்படியே சொல்லச் சொன்னாள். அவர் பள்ளிவாசலிலும் சந்தையிலும் அதையே சொல்லித் திரிந்தார்.

குழாய் மாற்றப்படவில்லை. இறால் மண்டபம் எழும்பியது. மறு வருடம் ஒரு பகல், இறால் பொதி செய்துகொண்டிருந்தபோது குழாய் வெடித்து அமோனியா கிளம்பியது. முன்கதவால் ஓடக்கூடியவர்கள் ஓடித் தப்பினார்கள். பின்கதவை மறித்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அந்தப் பக்கம் நின்ற துஷாந்தினி அகப்பட்டுக்கொண்டாள். பெரியநீலாவணைப் பிள்ளை, சபூறா வேலைக்கு எடுத்த பிள்ளை. ஒரு கண் முற்றாகப் போய்விட்டது. மற்றதில் புகை மூட்டம் போல ஏதோ தெரியும் என்றார்கள். நெஞ்சு இரைக்கிறது நிற்கவில்லை.

செய்தி கேட்ட சபூறா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டிலில் கட்டுப்போட்ட முகத்தோடு கிடந்த துஷாந்தினி குரலை வைத்தே ஆளைப் பிடித்தாள்.

"நீங்க விட்டுட்டுப் போகாம இருந்திருந்தா இப்படி நடந்திருக்காதக்கா" என்றாள்.

விட்டுட்டுப் போனது. ஊருக்குச் சபூறாவே சொல்லிவிட்ட கதை.

பிறகு நீதிமன்ற அழைப்பாணை வந்தது. வந்தது சபூறாவின் பெயருக்கு. கம்பனி பாதுகாப்பில்லாமல் பெக்டரி நடத்தியது என்பது குற்றச்சாட்டு. அதற்குப் பொறுப்பான பணிப்பாளர், அவள். பதிவாளரிடம் இன்னமும் அவளுடைய பெயர் மட்டும்தான் இருந்தது.

பவிதரனின் கந்தோரில் போய் நின்றாள். "பணிப்பாளர் மாறினா அறிவிக்க வேணும் எண்டு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதானே. ஏன் அனுப்பல்ல?"

பவிதரன் மேசையைப் பார்த்தார். "தம்பிதான் பொறுக்கச் சொன்னார் அக்கா. பேங்கில கடன் எடுக்குமட்டும் உங்கட பேர் இருக்கட்டுமாம். அவங்களுக்கு உங்களத்தானே தெரியும்."

"இப்ப அனுப்புங்க."

"இப்ப அவர், அப்படி ஒரு கூட்டமே நடக்கல்ல எண்டு சொல்றார்."

அங்கிருந்து நேரே றாஸிக்கின் வீட்டுக்குப் போனாள். அவன் உட்காரச் சொன்னான், குளிர்பானம் எடுப்பித்தான். பிறகு நிதானமாகக் கேட்டான்: "நீங்கதானே ராத்தா, பிரஷர், நானாத்தான் விட்டன் எண்டு ஊரெல்லாம் சொன்ன? விலகிறதெண்டா கையெழுத்து வச்சு எழுத்தில குடுக்க வேணும். குடுத்தீங்களா? குடுக்கல்ல. அப்ப நீங்கதான் பணிப்பாளர்."

சட்டத்தை அவன் நன்றாகத்தான் படித்திருந்தான்.

வீட்டுக்கு வந்து உம்மாவுக்கு முன்னால் இருந்தாள். "உம்மா, இந்த மண்டபத்திலதானே நடந்த. நீங்களும் கையத் தூக்கினீங்களே. கோட்டில வந்து அத மட்டும் சொல்லுங்க."

உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி இருந்தா. "எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல மகள். அவன் புள்ளகுட்டிக்காரன். ஒன்னப் பொம்புள எண்டு கோடு மன்னிச்சி உட்டிரும்."

அதற்குப் பிறகும் சபூறா உம்மாவுக்கு மூன்று நேரமும் சோறு போட்டாள். கதைக்கிறதை மட்டும் விட்டுவிட்டாள்.

வழக்கு நாளில் கல்முனை நீதிமன்றம் நிறைய ஊர்ச் சனம். "நீங்களாக விலகினீர்களா?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டபோது சபூறா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இல்ல. என்னைக் கலைச்சவங்க. தம்பிமார் ரெண்டு பேரும், பெத்த உம்மாவும் கைதூக்கிக் கலைச்சவங்க. வெக்கத்தில நான் ஊருக்குப் பொய் சொன்னன்."

பின்வாங்கில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அபுல் ஹஸன் தலை குனிந்தார். அந்தப் பொய்யைச் சுமந்து திரிந்தவர் அவரும்தானே.

அடுத்துப் பவிதரன் சாட்சிக் கூட்டில் ஏறினார். சத்தியம் செய்த பிறகு பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. கூட்டம் நடந்தது, அறிவித்தலின் பிரதி தன்னிடம் இருக்கிறது, அனுப்பாதது தன் பிழை என்றார்.

சபூறா வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாள். பெயரும் பதிவிலிருந்து எடுபட்டது. வழக்கில் அவள் இருந்த இடத்துக்கு வந்த றாஸிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணம் கட்டிவிட்டு, அன்றே வீட்டுக்குப் போனான். யாரும் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணவில்லை.

பிறகு நடந்ததும் சட்டப்படிதான். பேங்க் தன் கடனுக்குப் பழைய கம்பனியின் சொத்தைப் பிடித்தது. ஏலத்தில் மெஷின்களையும் மண்டபத்தையும் எடுத்தது, தம்பிமாரின் மனைவிமார் பணிப்பாளர்களாகப் பதியப்பட்ட ஒரு புதிய கம்பனி. ஸைனுலாப்தீன் அன்ட் சன்ஸ் கடதாசியில் இருந்தது. கையில் ஒரு கதிரைகூட இல்லை. துஷாந்தினிக்கு நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டது அந்த வெறுங்கைக் கம்பனிதான்.

இதைச் சொல்லத்தான் சபூறா பெரியநீலாவணைக்குப் போனாள். துஷாந்தினி வாசலில் இருந்து வலை நூலைத் தடவித் தடவிச் சுற்றிக்கொண்டிருந்தாள். சபூறா எதையும் மறைக்கவில்லை. தன்னைக் கலைத்ததிலிருந்து ஏலம் வரை எல்லாம் சொன்னாள். துஷாந்தினி முகத்தை மெல்லச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்கட பேர் அதில இல்லையாக்கா இனி?"

"இல்லம்மா. எடுத்தாச்சு."

"நல்லம். உங்களுக்கெண்டாலும் கரைச்சல் தீர்ந்திச்சே." பிறகு கேட்டாள்: "வழக்கில உங்கட பேர் இரிக்கெண்டு கேட்டப்ப, நான் ஒண்டு சொல்லட்டா, எனக்குச் சந்தோசமாத்தான் இருந்திச்சு. நீங்கெண்டாக் கைவிட மாட்டீங்க எண்டு. இப்ப நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

அப்போது உள்ளேயிருந்து துஷாந்தினியின் மச்சாள் அவசரமாக வந்தாள். தலையில் வலைத்தொப்பி, கையில் சாப்பாட்டுப் பெட்டி. சபூறாவைக் கண்டதும் ஒரு கணம் தயங்கினாள். புதிய கம்பனியில் இறால் பொதி செய்யப் போகிறாள் என்று சபூறாவுக்கு விளங்கியது.

"வேற வேலை இல்லையே அக்கா" என்றாள் அவள், யாரும் ஒன்றும் கேட்காமலேயே. பிறகு பஸ்ஸுக்கு ஓடினாள்.