ரெஜினா திருப்பிய கப்பல்

மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஒரு கூட்டத்துக்காகப் புளியந்தீவுப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது ரெஜினாவின் தம்பி அழைத்தார். "சுபாக்கா, அக்கா போயிட்டா" என்றார். எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு, பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க அப்படியே நின்றேன்.

தன்னாமுனையில் அடக்கத்துக்கு வந்த பலருக்கு அவள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பிக்கிற ரீச்சர். அவளுடைய ஆராய்ச்சி என்னவென்று, அங்கேயே ஆற்று வெள்ளம் பற்றிப் படிப்பிக்கும் என்னைப் போன்ற சிலருக்குத்தான் தெரியும். தென்துருவக் கடலில் மிதக்கும் பனிக்கட்டிப் பரப்பு எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே இறுகுகிறது, எங்கே பிளக்கிறது என்பதைச் செய்மதிப் படங்களை ஒப்பிட்டுச் சொல்வாள். "ஐஸ்பழத்தைத் தவிர ஐஸைக் காணாத ஊரில இருந்து இதென்னகா படிப்பு?" என்று நான் கேலி செய்வேன். "படம் மேல இருந்துதானே வருது. பார்க்கிறவள் எங்க இருந்தா என்ன?" என்பாள்.

ஒரு மாரிகாலம். இங்கே வெள்ளம், அங்கே கோடை. பல நாட்டு ஆய்வாளர்கள் இருந்த கப்பலொன்று பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொண்டது. அவர்களில் இருவர் வெளிநாட்டில் ரெஜினாவோடு படித்தவர்கள். அந்தக் கரையோரத்துப் பனியைப் பற்றி அவள் பல வருடங்கள் எழுதியிருந்ததால் அவளிடமே வழி கேட்டார்கள். தன்னாமுனையில் அவள் வீட்டில் மின்சாரம் இல்லை. வெள்ளத்துக்குள்ளால் வந்த உழவு இயந்திரத்தில் தொற்றிக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு வளாகத்துக்கு வந்து சேர்ந்தாள். ஜெனரேற்றர் இரைச்சலுக்கு நடுவே படங்களைப் பார்த்து, மேற்கே கறுப்பாகத் தெரிந்த நீண்ட பட்டையைக் காட்டினாள். "திறந்த தண்ணி. இதால போகலாம்." கப்பல் பனியை உடைத்துக்கொண்டு மேற்கே நகரத் தொடங்கியது.

மத்தியானம் அடுத்த படம் வந்தது. நான் தேநீரோடு உள்ளே போனபோது அவள் கதிரையை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"சுபா, இஞ்ச பாரு. காலமை வந்த படத்திலயும் இந்த வெடிப்புக் கிடக்கு. இப்பவும் அதே மாதிரிக் கிடக்கு."

"கிடந்தா என்னகா?"

"தண்ணியில வெடிப்பு நிக்குமா? இது தண்ணி இல்ல. மேல உருகி நனைஞ்ச ஐஸ். செய்மதி ரேடாருக்கு ரெண்டும் கறுப்பாத்தான் தெரியும். நான் பிழையாச் சொல்லிட்டன்."

அதைவிடக் கெட்ட செய்தி ஒன்றும் இருந்தது. அந்தப் பட்டை முழுவதும் நகர்ந்துகொண்டிருந்தது. அது போகும் திசையில் கடலடியில் தரைதட்டிய பெரும் பனிமலை ஒன்று நின்றது. இரண்டுக்கும் இடைவெளி குறுகிக்கொண்டே வந்தது. அந்த இடைவெளிக்குத்தான் கப்பல் போய்க்கொண்டிருந்தது.

அழைப்பு எடுபடவில்லை. இணையம் விட்டு விட்டு வந்தது. என்னுடைய போன், அவளுடைய போன், காவலாளியின் போன் என்று மாறி மாறி முயன்றோம். "கிறுகுங்க, திரும்புங்க" என்று, கேட்க முடியாத கப்பலுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் இணைப்புக் கிடைத்தது.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. "நான் சொன்னது பிழை, உடனே நிறுத்துங்கள்" என்றாள். கப்டன் கத்தினார். எரிபொருளைச் செலவழித்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இப்போது எதை நம்பி நிற்பது, இதிலாவது உறுதியாக இருக்கிறீர்களா என்று கேட்டார்.

"முதல் சொன்னது பிழை என்பதில் முழு உறுதி. காற்று மாறினால் கிழக்கே திறக்கும் என்பதில் பாதி உறுதிதான்" என்றாள்.

மறுமுனையில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி அவர் கட்டளையிடுவது கேட்டது. ரெஜினா போனை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய், வளாகத்து வெள்ளத்தைப் பார்த்தபடி நின்றாள். பொழுதுபடுவதற்குள் தகவல் வந்தது. கப்பலின் கண்ணெதிரே பனித்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அந்த இடைவெளி மூடிக்கொண்டது. கிழக்கே வழி திறப்பதற்குப் பல நாட்கள் எடுத்தன. அத்தனை நாளும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள் என்று கேட்ட பிறகுதான், என் வீட்டுக்கு வந்து சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

வளாகத்தில் பாராட்டுக்கூட்டம் வைக்க நினைத்தார்கள். "பிழைவிட்ட படத்தையும் காட்ட விட்டா வாறன்" என்றாள். விட்டார்கள். அரை மணித்தியாலம் அந்தப் படத்தைப் பற்றி மட்டுமே பேசினாள். பூமாலையோடு காத்திருந்தவர்களுக்கு அதை எப்போது போடுவதென்று தெரியவில்லை.

பிறகு நோய் வந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். இளம் வைத்தியர் ஸ்கான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்ற பாவனையில் சுற்றிவளைத்துப் பேசினார். ரெஜினா இடைமறித்தாள்.

"டொக்டர், படம் பார்க்கிறதுதான் என்ட வேலையும். தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியா எண்டே சொல்லுங்க. நடுவில உள்ளதை நான் தாங்கிக்குவன்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, உள்ளதைச் சொன்னார். எவ்வளவு காலம் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவர் போன பின்பு என் பக்கம் திரும்பி, "நல்ல புள்ள" என்றாள்.

செய்தி வந்த அன்று, நான் போக இருந்த கூட்டம் வெள்ள அபாயம் பற்றியது. நான் போய்ச் சேர்ந்தபோது முடியும் தறுவாய். தாழ்ந்த பகுதிச் சனங்களை இப்போதே வெளியேற்ற வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆற்று நீர் எப்போது வந்து சேரும் என்பது தெரியாது என்றும் சொன்னேன். அறையில் முணுமுணுப்பு எழுந்தது. நான் 'தெரியாது' என்ற அந்தச் சொல்லை மாற்றவில்லை.