இரண்டு பிடி தானியம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாங்கள் மூன்று பேர். துவைப்பது நான், மடிப்பது மலைக்காரி, தேய்ப்பது இஸ்திரி அக்கா. துணியைப் போலவே அக்கா முகத்திலும் ஒரு சுருக்கம் விழாது. சிரித்தால்தானே விழும்!

சிரித்து ஆறு வருஷம் ஆகிறது. கப்பல் வேலைக்குப் போன ஒரே மகன் கடலில் விழுந்துவிட்டதாகக் கடுதாசி வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அக்கா அதை நம்பவில்லை. தினமும் இரண்டு பேருக்குச் சமைப்பாள், மறுநாள் அவன் பங்கைத் தானே சாப்பிடுவாள்.

"பழசத் தின்னே வயித்தக் கெடுத்துக்கிறியேக்கா" என்றால் முறைப்பாள்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மலைக்காரியின் ஊர் அறுவடைத் திருவிழாவில், வந்த விருந்தாளிக்கும் அவர் வீட்டில் இறந்தவரையும் சேர்த்து ஆளுக்கு ஒரு பிடி புதுத் தானியம் தருவார்களாம். இருப்பவர் பங்கு வீட்டுக்கு, இறந்தவர் பங்கு மண்ணுக்கு. கேள்விப்பட்டதுமே அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். அங்கேயாவது மகனை மண்ணில் போட்டுவிட்டு ஒரு பாட்டம் அழுது தீர்க்கட்டும் என்று என் கணக்கு.

வயலில் ஒரே ஆட்டமும் பாட்டும். மலைக்காரியின் பெரியப்பா கூடையோடு வந்தார்.

"உங்க வீட்ல எத்தன பேரும்மா?"

"ரெண்டு பேரு." அக்கா யோசிக்கவே இல்லை.

இரண்டு பிடி கொடுத்தார். ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். மற்றதை எடுத்துக்கொண்டு, இறந்தவர்களுக்காக வரப்போரம் தோண்டியிருந்த குழிக்குப் போய்க் குனிந்து கையை விரித்தாள். எனக்கு அழுகை முட்டியது. அப்பாடா என்றும் இருந்தது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"அழுதுடுக்கா. இனிமே அவன் நிம்மதியா இருப்பான்."

அக்கா மண்ணைத் தள்ளி மூடினாள்.

"அவன் பங்க எதுக்குடி இங்க போடப்போறேன்? அத முடிஞ்சு வச்சிருக்கேன். இது என்னோடது."

என் அதிகப்பிரசங்கித்தனத்துக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

திரும்பும் பஸ்ஸில், குலுக்கலுக்குக் குலுக்கல் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் இறங்கும் இடம் வந்ததும் அதை அவிழ்த்து என் கையில் கொட்டினாள்.

"நான் இல்லாத நேரத்துல வந்தான்னா, நீ ஆக்கிப் போடு. பழசப் போட்டுடாத."

"சரிக்கா" என்றேன்.