வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியடு

பொன்னுமணி டீச்சர் ராசிங்காபுரத்துக்காரர். கலியாணமான இரண்டாம் வருடமே மலைக்காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவர். வீட்டோடு கிட என்று சொன்னவர்களோடு வாதாடாமல் மதுரைக்குப் போய்த் தையல் பயிற்சி முடித்து, 1953-ல் போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்.

மறு வருடம் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். மூன்றாம் பாரத்தில், அதாவது இன்றைய எட்டாம் வகுப்பில், ஐந்து பெண்களால் தொல்லை. ஒருத்தி பாடத்தின் நடுவில் அழுவாள். இருளம்மாள் பக்கத்தில் இருப்பவளை அடிப்பாள். குரங்கணியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த கருத்தம்மா வாயே திறக்க மாட்டாள்.

"அடிச்சுப் பாத்தாச்சு, வெயில்ல நிக்க வச்சும் பாத்தாச்சு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு இவங்களை உக்கார வச்சு நீங்க பேசிப் பாருங்க" என்றார்.

என்ன பேசுவது? முதல் இரண்டு வாரம் பொறுமை, படிப்பு என்று டீச்சர் புத்தி சொன்னார். ஐந்து பேரும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினார்கள். டீச்சருக்கே கூச்சமாகிவிட்டது.

மூன்றாவது வாரம், ஆண்டு விழாத் திரையை எலி கடித்துவிட்டதென்று அவரிடம் கொண்டுவந்து போட்டார்கள். வரைபடங்கள் வைக்கும் அறையில் அதை விரித்து, ஆளுக்கொரு ஊசி கொடுத்தார். எல்லோர் கண்ணும் நூலில் இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அரை மணி கழித்து இருளம்மாள் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "எங்க ஆத்தா செத்த அன்னைக்கு நான் பாண்டி ஆடிக்கிட்டிருந்தேன். கூப்பிட்டாக. ஆட்டத்தை முடிச்சிட்டுத்தான் போனேன்."

ஆறுதல் சொல்ல டீச்சர் வாயெடுத்தார். அதற்குள் இன்னொரு குரல் கேட்டது. யாரும் அதுவரை கேட்டிராத குரல்.

"எந்தம்பியத் தண்ணிக்கு அனுப்புனதே நான்தான். ஓடையில வெள்ளம் வந்திருச்சு."

இருளம்மாள் மெல்ல நகர்ந்து, கருத்தம்மாவின் முழங்காலோடு தன் முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு தையலைத் தொடர்ந்தாள். தான் சொல்ல நினைத்த எதுவும் இதற்கு ஈடாகாது என்று டீச்சருக்குப் பட்டது.

அதற்குப் பிறகு ஒரே சட்டம்தான். "இங்க பேசுறது இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. பேச மனசில்லாதவ தச்சுக்கிட்டிருந்தா போதும்."

திரை தைத்து முடிந்ததும், பெண்களே விடுதிப் போர்வை, தலையணை உறை என்று கிழிசல் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து கருத்தம்மாவைக் கொண்டுவந்து விட்ட அவள் தகப்பன் அமாவாசை, டீச்சரைத் தேடி வந்தார். ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர்.

"எம்மகள என்ன பேச வச்சீக, டீச்சரம்மா?"

டீச்சர் எழுந்து நின்றார். "அவ என்ன பேசுனான்னு நான் சொல்லக் கூடாதுங்கண்ணே."

"நீங்க சொல்ல வேணாம். வீட்டுல அவளே தம்பி பேரைச் சொல்லிட்டா. ஒன்றரை வருசமா நாங்க யாருமே சொல்லாத பேரு." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "தம்பியத் தண்ணிக்கு அனுப்பு தாயின்னு அவகிட்டச் சொன்னவன் நான். அது அவளுக்கு நெனப்பில்ல. நானும் மூடி மறைச்சிட்டேன். நீங்களே சொல்லிருங்க, எனக்கு வாய் வரல."

"வரும்ணே. உள்ள வந்து உக்காருங்க."

கருத்தம்மாவைக் கூப்பிட்டார். "அப்பாவுக்கு உங்கிட்ட ஒன்னு சொல்லணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில் இருப்புக்கொள்ளாமல் நடந்தார். பிறகு இரண்டு பேர் அழும் சத்தம்.

பள்ளி விட்ட பிறகுதான் இருவரும் வெளியே வந்தார்கள். கருத்தம்மாவின் முகம் வீங்கியிருந்தது. "பசிக்குது டீச்சர்" என்றாள். அவள் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஐவருக்குப் பிறகு வருடாவருடம் வேறு வேறு பெண்கள் வந்தார்கள். 1959-ல் டீச்சருக்குத் தேனிக்கு மாறுதல் வந்தது. அங்கே அப்படி ஒரு பீரியடு கேட்டதற்கு, "தையலுக்கே நேரம் பத்தல டீச்சர்" என்று சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அவருக்குப் போடி ஞாபகம் வந்துவிடும். ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகளிலிருந்து காற்றில் வரும் வாசனை, மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும் மழை, தலை குனிந்து தைக்கும் பெண்கள். அடுத்துப் பேசப்போவது யாரென்று தெரியாமல் காத்திருந்த அந்த அமைதி வேறெந்த ஊரிலும் அவருக்குக் கிடைக்கவில்லை.