பாக்கெட்டுக்கு அடியில் ஒளித்த ஊதா நூல்

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டுகிற இடத்தில், ஒரு இட்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். அதற்கு முன்பு பத்து பேரிடமாவது சொல்லிப் பழகிய பொய். அன்றைக்கு அது என்னைத் தூக்கிப் போட்டு விட்டது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. விவாகரத்தாகிப் பல வருடம் ஆகி விட்டது, பிள்ளை இல்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். குடியிருக்க, செங்கம் ரோட்டில் ஆசிரமங்கள் இருக்கும் பக்கம் மாடியில் ஒரு அறை. குளிர் மாதங்களில் அக்கம் பக்கத்து அறைகளில் வெளிநாட்டுக்காரர்கள் இருப்பார்கள். காலையில் ஒரு சிரிப்பு, மாலையில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம். வெயில் ஏற ஆரம்பித்ததும் அவர்களும் பெட்டியைக் கட்டி விடுவார்கள். அதற்கப்புறம் சில வாரங்களில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், திங்கட்கிழமை கண்டக்டரிடம் ஊர் பெயரைச் சொல்லும் வரைக்கும் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். சில திங்கட்கிழமைகளில் தொண்டை கட்டிக் கொண்டு குரல் சரியாக வராது. கண்டக்டர் "எங்கம்மா? சத்தமா சொல்லுங்க" என்பார். எரிச்சலாக வரும்.

அந்த அறைகளில் ஒன்றில் ஒரு வருடம் குளிர் காலத்தில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், பழைய புடவைகளை வாங்கித் தானே கவுன் தைத்துப் போட்டுக் கொள்வார். நாம் பழந்துணி என்று சொல்வதை அவர் விண்டேஜ் என்றார். பெயர் மாறியதும் துணிக்கே ஒரு மரியாதை வந்த மாதிரி இருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது, இங்கே வாங்கிய தையல் மிஷினைத் தூக்கிக் கொண்டு போக முடியாமல் என் அறையில் வைத்து விட்டுப் போனார். சும்மா கிடக்கிறதே என்று செல்போனில் வீடியோ பார்த்துத் தைக்கக் கற்றுக் கொண்டேன். முதல் கவுனில் நான் கழுத்து வெட்டிய லட்சணம், அதில் இரண்டு பேர் தலையை விடலாம். நாலாவது கவுன் ஏதோ தேவலாம். ஏழாவதை அலுவலகத்துக்கே போட்டுக் கொண்டு போனேன்.

துணிக்கு எங்கே போவது? எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு பாத்திரக்கார அம்மா வருவார். பழைய துணியை எடுத்துக் கொண்டு எவர்சில்வர் பாத்திரமோ பிளாஸ்டிக் வாளியோ கொடுப்பவர். அவர் மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, உள்ளே இருந்து எனக்குப் பிடித்ததை எடுத்துக் கொண்டு காசு கொடுப்பேன். முதல் தடவை அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஊர்ல எல்லாரும் பழசைப் போட்டுட்டு பாத்திரம் வாங்குவாங்க. நீங்க ஒருத்தர்தாம்மா பாத்திரம் வேணாம், பழசக் குடுன்றீங்க" என்றார்.

அப்படி ஒரு சனிக்கிழமை கிடைத்ததுதான் அந்த ஏழாவது கவுனுக்கான புடவை. கரும்பச்சை நிறத்தில் மெல்லிய காட்டன் வாயில் துணி. அதில் கடுகு மஞ்சளில் பொடிப்பொடியாக ஒரு கொடி ஓடும். முந்தானையில் மட்டும் கொடி பெரிதாகிப் பூவும் மொட்டுமாக விரியும். இந்த மாதிரி அச்செல்லாம் இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது. ஒரே ஒரு குறை. முந்தானையில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொசுங்கிய ஓட்டை. அதை யாரோ ஊதா நூலில் அடைத்திருந்தார்கள். பச்சைத் துணியில் போய் ஊதா நூல்! எந்த மகராசி இந்த ரசனைக்காரி என்று தலையில் அடித்துக் கொண்டேன்.

பெரிய பூ கவுனுக்கு முன்பக்கம் வர வேண்டும் என்று ஆசை. அப்படி வெட்டினால் அந்த ஊதா அடைப்பு சரியாக வலது இடுப்பருகே வந்து உட்கார்ந்தது. யோசித்து, அதன் மேலேயே ஒரு பாக்கெட் வைத்துத் தைத்து விட்டேன். அடைப்பு மறைந்தது, கவுனுக்குப் பாக்கெட்டும் ஆயிற்று. என் மூளையை நானே மெச்சிக் கொண்டேன். வேறு யார் இருக்கிறார்கள் மெச்ச?

அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்த உடை பிடித்துப் போயிற்று. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். "சென்னையில ஒரு பொட்டிக்ல, ரெடிமேட்" என்றேன். பழந்துணி மூட்டையில் பொறுக்கியது என்று சொல்ல நாக்கு வரவில்லை. தனியாக இருக்கிறவள், ஆள் துணை இல்லை, அதனால் கண்டவர்கள் கழித்துப் போட்டதை உடுத்துகிறாள் என்று ஒரு பார்வை விழும். அந்த 'ஐயோ பாவம்' பார்வையை என்னால் சகிக்க முடியாது. தனிமையைக் கூடச் சகித்து விடுவேன். ஒரு பெண் தனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொன்னபோது, அந்த டிசைன் தீர்ந்து விட்டதாம் என்று இன்னொரு பொய்யும் சேர்த்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலையைச் சுற்றி நடப்பேன். பக்தி என்று சொன்னால் அதுவும் பொய்யாகி விடும். அறையில் சுவரைப் பார்த்துக் கொண்டு உட்காருவதற்கு இது மேல். பௌர்ணமி அன்று போனால் கூட்டத்தில் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களுக்கு நடுவே இன்னும் தனியாகத் தெரிவேன் என்பதால், சாதாரண நாளில்தான் போவேன். அன்றைக்கு அந்தப் பச்சைக் கவுனைப் போட்டிருந்தேன். பாதி தூரம் வந்ததும் பசித்தது. அடி அண்ணாமலையில் ரோட்டோர இட்லிக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன்.

கடை நடத்துகிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தட்டை நீட்டிய கை அப்படியே நின்று விட்டது. என் உடையையே பார்த்தார். இட்லியை வைத்து விட்டுப் போனவர், சட்னி ஊற்றுகிற சாக்கில் திரும்பி வந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் துணி எங்க வாங்குனீங்க?"

பழகிய வாய் அல்லவா, யோசிக்கவே இல்லை. "சென்னையில. ரெடிமேட்" என்றேன்.

"அப்படிங்களா" என்றார். முகம் விழுந்து விட்டது. ஆனால் நகரவில்லை. "எங்க அம்மாகிட்ட இதே போல ஒரு பொடவை இருந்துச்சுக்கா. போன வருசம் தவறிட்டாங்க. கருமாதி முடிஞ்சதும், செத்தவங்க துணி வூட்ல இருக்கக் கூடாதுன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. எல்லாத்தையும் மூட்டையா கட்டிப் பாத்திரக்காரம்மாகிட்ட போட்டுட்டேன். நான்தான் போட்டேன், யாரும் புடுங்கிக்கல. அதுக்கு வந்ததுதான் இது" என்று இட்லி வைத்திருந்த பெரிய அன்னக்கூடையைக் காட்டினார்.

வாய்க்குக் கொண்டு போன இட்லியை வைத்து விட்டுக் கையைக் கழுவினேன்.

அவர் பேசிக் கொண்டே என் உடையில் எதையோ தேடினார். தோள், மார்பு, கீழ் விளிம்பு வரை கண் ஓடியது. "அம்மாதுல முந்தியில பொசுங்கி இருக்கும். முந்தியால புடிச்சிக் கொழம்புச் சட்டி எறக்கசொல்ல பட்டது. ஊதா நூல்ல தெச்சாங்க. பச்சை நூலு வாங்கியாறேன்னு சொன்னேன், கேக்கல. இதுல அது இல்ல. கடையில வாங்குனதப் போயிக் கேக்குறேன் பாருங்க. சாரிக்கா."

அவர் அதைச் சொல்லும்போது என் வலது கை எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? காசு எடுக்க விட்ட அந்தப் பாக்கெட்டுக்குள். விரலுக்கு அடியில் அந்த அடைப்பு மேடு தட்டுகிறது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பரவாயில்லைங்க" என்றேன். பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டு எழுந்து வந்து விட்டேன்.

வழியெல்லாம் எனக்கு அந்தப் பெண் மேல் கோபம். தானே தூக்கிப் போட்டு விட்டு, பிறகு ரோட்டில் போகிறவர்களின் துணியைத் தேடினால் என்ன அர்த்தம்? நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்? இப்படியே அறை வரைக்கும் எனக்குள் சண்டை போட்டுக் கொண்டு வந்தேன். எதிர்க்கட்சி வாதாட அங்கே ஆள் இல்லை. அப்படியும் தோற்றேன்.

கவுனைக் கழற்றி உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பாக்கெட் வெளியே மறைத்த அடைப்பு உள்ளே தெரிந்தது. அதுவரைக்கும் அதன் நிறத்தைத்தான் பார்த்திருந்தேன், தையலைப் பார்க்கவில்லை. குறுக்கே நெருக்கமாக இழை ஓட்டி, அதற்கு நெட்டுக்கு ஒன்று விட்டு ஒன்று கோத்து, தறியில் நெய்கிற மாதிரி நெய்து அடைத்திருந்தார் அந்த அம்மா. ஒரு இடத்தில் கூடத் துணி சுருங்கவில்லை. ஏழு கவுன் தைத்து விட்ட எனக்கு அப்படி ஒரு தையல் இன்றுவரை வராது. வெட்கமாக இருந்தது. தப்பு செய்து விட்டோமே என்று அழுகையும் வந்தது. அந்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் யார் என்ன பேசினார்கள் என்றே மனதில் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு, கவுனை இஸ்திரி போட்டுப் பையில் வைத்துக் கொண்டு, ஆட்டோ பிடித்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றேன். அப்புறம் பையை நீட்டி, "நான் அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேங்க. இது சென்னையில வாங்குனது இல்ல. பாத்திரக்காரம்மாகிட்ட வாங்கி நானே தைச்சது. நீங்க தேடினது பாக்கெட்டுக்கு அடியில இருக்கு" என்றேன்.

அவர் உடனே வாங்கவில்லை. கையைத் துடைத்தார், துடைத்துக் கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "ஒரு வாரமா எனக்கு புத்தி கெட்டுப் போச்சோன்னு நெனச்சிக்கினு இருக்கேங்க்கா. பாக்குற பச்சையெல்லாம் உங்கம்மா பொடவையான்னு எங்க வூட்டுக்காரரு கிண்டல் பண்றாரு. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பழசப் போடுறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எங்க அம்மா துணியப் போடுறதுல உங்களுக்கு என்னா வெக்கம்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

தையல் பிரிக்கிற பிளேடு கொண்டு போயிருந்தேன். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்து எடுத்தேன். ஊதா வெளியே வந்ததும் அவர் விரலை அதன் மேல் வைத்தார். தடவவில்லை, முகரவில்லை. வைத்தபடியே இருந்தார். ஒருவர் வந்து நாலு இட்லி பார்சல் கேட்டார். "இல்ல, போங்க" என்று அனுப்பி விட்டார், அன்னக்கூடை நிறைய இட்லி இருக்கும்போதே.

நீங்களே வைத்துக் கொள்ளுங்கள் என்றேன். உடையைத் தூக்கிப் பிடித்து மேலும் கீழும் பார்த்தார். "அறுத்துட்டீங்க. இனி பொடவையா ஆவாது. எனக்கும் பத்தாது" என்றார். அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, ஆனால் எனக்கு நன்றாகவே தைத்தது. கவுனுக்கு வெட்டியது போக நான் எடுத்து வந்திருந்த மிச்சத் துண்டுகளை மட்டும் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக் கொண்டார்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது, "அக்கா, அத ஒரு தடவ போட்டுக்கினு வரீங்களா?" என்றார். கடைக்குப் பின்னால் அவர் வீடு. உள்ளே போய் மாற்றிக் கொண்டு வந்தேன். இடுப்பில் அந்த ஊதா பளிச்சென்று தெரிந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

"அதோ அந்தத் திருப்பம் வரைக்கும் நடந்து போங்க. திரும்பிப் பாக்காதீங்க. கொல்லிக்குக் களையெடுக்கப் போகசொல்ல எங்க அம்மா எப்பவும் முன்னாடிதான் நடப்பாங்க. நான் பின்னாடி வருவேன்."

நான் நடந்தேன். கை வீச்சு அதிகமாக இருக்கிறதோ, நடை சரியில்லையோ என்று ஒவ்வொரு அடிக்கும் பயம். பின்னால் அழுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக் கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் அங்கேயே நிற்கிறார் என்பது முதுகுக்குத் தெரிந்தது. திருப்பம் நெருங்க நெருங்க, அவருக்காகத்தான் என்று சொல்லிக் கொண்டு நடையை மெதுவாக்கினேன். எனக்காகவும்தான் என்று இப்போது ஒப்புக் கொள்கிறேன்.

யாராவது இப்போது கேட்டால், பழந்துணி மூட்டையில் எடுத்தது என்று பட்டென்று சொல்லி விடுகிறேன், சிலர் பாவம் என்றுதான் பார்க்கிறார்கள், பார்த்து விட்டுப் போகட்டும். அன்றைக்கு அந்தப் பெண் பார்த்தது என்னை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் நடந்து போவதை ஒருவர் வாசலில் நின்று கண்ணுக்கு மறையும் வரை பார்த்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.