வேலை நாள் மாத்திரை

அம்மாவின் இதயம் பலவீனமானது. உடம்பில் நீர் தங்கிவிடும். அதை வெளியேற்ற தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு நீர் மாத்திரை. சிங்கப்பூரின் கிழக்கே, பிடோக்கில் ஒன்பதாம் மாடியில் எங்கள் வீடு. டாக்டரைப் பார்க்க மட்டுமே அவர் கீழே இறங்குவார். எனக்கு மேற்குக் கோடியில் ஜூரோங்கில் வேலை, ஆறரைக்குக் கிளம்பிவிடுவேன். அதனால் மாத்திரையை அவரே போட்டுக்கொண்டு என் நோட்டில் ஒரு டிக் போடுவார். கிளம்புமுன் அவர் எடையைப் பார்த்து அதே பக்கத்தில் நான் எழுதிவைப்பேன். எட்டு மாதத்தில் ஒரு டிக்கும் விடுபடவில்லை.

ஆனாலும் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் அளவை இரண்டு மாத்திரையாக்கினார். அதற்கும் வீக்கம் இறங்காவிட்டால் வார்டில் சேர்க்க வேண்டும் என்றார்.

அன்று மாலை புது அளவைக் குறிக்க நோட்டைத் திறந்தபோதுதான் எடைகளை வரிசையாகப் படித்தேன். வெள்ளி வரை ஏறுகிறது. திங்கள் காலை இறங்கியிருக்கிறது. எல்லா வாரமும். அத்தனையும் என் கையெழுத்து.

"அம்மா, வேலை நாள்ல மாத்திரை போடுறதில்லையா?"

டிவியிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "சனி ஞாயிறு போடுறேன்ல."

"மத்த நாளு?"

"அதப் போட்டா மதியத்துக்குள்ள எட்டு தடவ பாத்ரூம் போவணும். வழுக்கி விழுந்தா யாருடி தூக்குவா? நீ ஜூரோங்லேருந்து எம்ஆர்டி ரயில் புடிச்சு வருவியா?"

"அப்புறம் எதுக்கு டிக்?"

"இல்லன்னா வந்ததும் விசாரணைய ஆரம்பிச்சுடுவியே, போலீஸ்காரி மாதிரி."

மறுநாள் கிளினிக்குக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கூட்டிய அளவை நிறுத்தினார்கள். பழையபடி ஒரு மாத்திரை, ஆனால் நான் வீட்டிலிருக்கும்போது; மாலை ஐந்துக்கு மேல் தள்ளக் கூடாது. அலுவலகத்தில் கேட்டு, ஏழு மணிக்கே வேலையைத் தொடங்கி மூன்றரைக்குக் கிளம்ப ஆரம்பித்தேன். வரும் வழியில் தேக்கா சந்தையில் காய்கறி வாங்குவதும் தோழியோடு டீ குடிப்பதும் நின்றுபோயின. ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை அவர் எழுந்தால் நானும் எழ வேண்டும்.

"மாத்திரை எனக்கு, ஜெயிலு உனக்கா?" முதல் நாள் என் தோளைப் பிடித்து நடந்தபடி கேட்டார். சிரித்தோம்.

இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. நேற்று ஏழு ஐம்பதுக்கு ஐந்தாவது முறையாகக் கூப்பிட்டார். அப்போதுதான் சோற்றைப் பிசைந்திருந்தேன்.

"வரேம்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

 உள்ளேயிருந்து, "நீ சாப்பிடு. நான் அடக்கிக்கிறேன்" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு போனேன்.