பதினேழாம் நம்பர் டம்ளர்

விடுதி ஆயா வேலை என்பது, அடுத்தவர் பெற்ற பெண்களை மாலையில் எண்ணி வாங்கிக்கொண்டு, காலையில் அதே எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுக்கிற வேலை. விடுதியிலோ ஆஸ்பத்திரியிலோ அநாதை ஆசிரமத்திலோ தலை எண்ணிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வேலையை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும், பஸ்ஸில் ஏறினால் முதலில் எத்தனை பேர் என்று பார்க்கிற நோய் உங்களுக்கும் இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆன சமயத்தில், ராயபுரத்தில் ஓர் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியின் விடுதியில் இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு வகுப்புதான் அங்கே எடுப்பார்கள். நான் சொல்லப்போகும் வகுப்பு படிப்பை முடித்துக் கிளம்பிய நாளன்று சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: பிரின்சிபால் அம்மாள் ஒருவர், வார்டன் அம்மாள் ஒருவர், டீச்சர்கள் மூவர், சமையல் முனியம்மா, வாசற்படியில் நின்ற வாட்ச்மேன், நான், பெண்கள் இருபத்துமூன்று பேர். ஆக முப்பத்தொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் சேர்ந்தபோது பெண்கள் மட்டும் இருபத்துநான்கு.

அலமாரி

மாலை ஆறு மணிக்கு மணி அடித்ததும் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. எனக்குக் கூட்டத்தில் வாய் திறக்க வராது. நான் கூப்பிடுவது முன்வரிசைக்கே கேட்காது. பின்வரிசையில் ஒருத்தி மூன்று குரலில் மூன்று பேருக்கு ஆஜர் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஒரு வாரத்தில் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

ஆகவே ஒரு வழி செய்தேன். இருபத்துநான்கு அலுமினிய டம்ளர்களின் அடியில் ஆணியால் நம்பர் குத்தி, கூடத்து அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். சாப்பிட வருகிறவள் தன் நம்பர் டம்ளரைத் தானே எடுத்துத் தண்ணீர் மொண்டுகொண்டு உட்கார வேண்டும். ஆறு பத்துக்கு அலமாரியைப் பார்ப்பேன். கவிழ்ந்திருக்கும் டம்ளர் யாருடையதோ அவள் வரவில்லை. அலமாரி காலி என்றால் நோட்டில் ‘அலமாரி காலி’ என்று எழுதி வார்டன் அம்மாளிடம் கொடுத்துவிடுவேன். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், வாயும் திறக்க வேண்டாம். இதைவிடத் துல்லியமான முறை இல்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

முனியம்மா தண்டையார்ப்பேட்டைக்காரி. கரண்டியும் கையுமாக வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏம்மே, நீ பொண்ண எண்றியா, பாத்திரத்த எண்றியா? டம்ளருக்கு கால் மொளச்சா இன்னா பண்ணுவ?”

பெட்டிமேல் உட்கார்ந்தவள்

பதினெட்டாம் நம்பர் பொன்னுத்தாய். திருநெல்வேலிப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். அவள் ஒரு வார்த்தை பேசினால் மற்றப் பெண்கள் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். முனியம்மா “இன்னும் கொஞ்சம் துன்னு நைனா” என்று அன்பாகச் சொன்னதைக்கூடத் திட்டு என்று நினைத்து எழுந்து போனவள். ஒன்பதாம் நாள் டிரங்குப் பெட்டியை கேட் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பக்கத்துக் கட்டில் பதினேழாம் நம்பர், அமலோற்பவம். எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப்புறம், காட்டுப்பள்ளிக் கரையில் மீன்பிடிக்கிற குடும்பம். அவள் ஓடிவந்து அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரி. நான் எங்க ஊருக்குப் போறேன்.”

“எந்திரிக்க மாட்டேன். நீ பூட்டா பக்கத்து கட்டில்ல கொறட்ட வுடுறவ எவளயாச்சும் போட்டுடுவாங்கோ.”

“எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்காவ.”

“என்னியும்தான் மீன் நாத்தம்னு மூக்க புடிக்கிறாளுங்கோ. நான் பொட்டிய தூக்கினேனா?”

பொன்னுத்தாய் கேட் அருகிலேயே நின்று விம்ம ஆரம்பித்தாள். அமலோற்பவம் எழுந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அழுவாதன்னு நான் சொல்லல. உள்ள வந்து அழுவு.”

அதற்குப் பிறகு அந்த இருவரின் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நான் பார்த்ததில்லை.

இரண்டு குறி

அமலோற்பவத்தின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கிப் படுக்கை. கூட இருந்த மாமன் சனிக்கிழமை கடலுக்குப் போனால் திங்கட்கிழமைதான் வருவார். சனிக்கிழமை ஒரு மணிக்கு வகுப்பு முடிந்ததும் இவள் ரயில் ஏறி எண்ணூர் போய், படகில் முகத்துவாரம் கடந்து, அம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றி, இரண்டு நாளைக்குக் கஞ்சி வைத்து, தண்ணீர் நிரப்பிவிட்டுத் திரும்புவாள். எவ்வளவு ஓடினாலும் ஏழு மணி ஆகிவிடும்.

ஆறு மணிக்கு இல்லாதவளுக்கு ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் விடுதியிலிருந்து பெயர் எடுக்கப்படும். விடுதியில் இல்லாதவள் பரீட்சை எழுத முடியாது. படித்து வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் முதல் வருஷமே இரண்டு சனிக்கிழமை அவள் டம்ளர் கவிழ்ந்தே இருந்தது. இரண்டு குறியையும் நானே போட்டேன். அனுமதிக்குக் காப்பாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் படுக்கையில், ஒருவர் கடலில்.

வார்டன் அம்மாள் கெட்டவர் இல்லை. அவளை உட்காரவைத்து, காபி கொடுத்து, பிறகுதான் சொன்னார்: “உனக்காக மாத்தினா நாளைக்கு இருபத்துநாலு பேருக்கும் மாத்தணும். மூணாவது குறி விழ வெச்சுடாதேம்மா.”

ஓர் ஆள் சோறு

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அலமாரி தவறாமல் காலியாக இருந்தது. நானும் சந்தோஷமாக எழுதினேன்.

நான்காவது சனிக்கிழமை, பந்தி முடிந்து பார்த்தபோது சோற்றுக் குண்டானில் ஓர் ஆள் சோறு மிச்சம் இருந்தது. கழுவ வந்த தட்டுகளை எண்ணினேன். இருபத்துமூன்று. டம்ளர் மட்டும் இருபத்துநான்கு. மறுவாரம் தூணோரம் நின்று கவனித்தேன். பொன்னுத்தாய் வலக்கையில் பதினெட்டையும் இடக்கையில் பதினேழையும் எடுத்து, இரண்டிலும் தண்ணீர் மொண்டு, இரண்டையும் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். சுற்றி இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்து அந்த இடத்தை மறைத்தார்கள். மூன்று குரலில் ஆஜர் சொன்னவள்தான் எல்லோரையும்விட அதிகமாக நெருக்கினாள். ஏழு மணிக்குப் பின்பக்க மதில் ஓரம் பொன்னுத்தாய் லாந்தரோடு நிற்பாள். ரயில் பாதைப் பக்கத்திலிருந்து ஏறிக் குதிக்க வசதியாக இந்தப் புறம் கல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. ‘அலமாரி காலி’ என்றே எழுதினேன். அலமாரி காலியாகத்தானே இருந்தது? நான் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முனியம்மா மிச்சச் சோற்றை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடி, பின்கதவு மாடத்தில் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: “பூனைக்கு வெச்சிக்கீறேன். பூனை ஏழு மணிக்கு வரும்.”

கார்த்திகை மழை

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இரண்டாம் வருஷம், பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. மழை பெருத்தால் படகு விடமாட்டார்கள், அப்படியானால் ராத்திரி அம்மாவோடு தங்கிவிட்டுக் காலை முதல் வண்டியில் வருவேன் என்று அமலோற்பவம் பெண்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள்; அது என் காதிலும் முனியம்மா காதிலும் விழுந்திருந்தது. பொன்னுத்தாய் வழக்கம்போல இரண்டு டம்ளர் எடுத்தாள். மழை என்பதால் மதில் பக்கம் போகவில்லை. கட்டிலில் தலையணையை நீளமாகப் போட்டுப் போர்த்திவிட்டாள்.

வார்டன் அம்மாள் நோட்டைப் பார்த்தார். எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்று விளக்கை அணைத்தார். விஷயம் தெரிந்த நாங்கள், முனியம்மாவும் நானும் பெண்களும், அவள் காட்டுப்பள்ளியில் பத்திரமாக இருக்கிறாள் என்று படுத்தோம். ஆக அந்த விடுதியில் அவளைத் தேட நினைத்தவர் ஒருவர்கூட இல்லை.

அவளோ கடைசிப் படகைப் பிடித்து வந்துவிட்டாள். மதில் வழுக்கி, வெளிப்பக்கம் ரயில் பாதை ஓரம் விழுந்திருக்கிறாள். தொடை எலும்பு முறிந்து, துருப்பிடித்த பழைய தண்டவாளத் துண்டு காலில் ஏறியிருந்தது. மழையில் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. காலையில் பாதை பார்க்க வந்த ரயில்வே ஆள் ஒருவர்தான் கண்டு கத்தினார்.

வார்டன் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, “நேத்து எத்தனை பேர் உள்ள இருந்தாங்க?” என்றார்.

“இருபத்துநாலு டம்ளரும் எடுத்திருந்ததும்மா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் நோட்டை மூடினார். “நான் டம்ளரைக் கேக்கல.”

கட்டில் அருகே

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். ஐந்து நாள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். வகுப்பில் எந்தப் பாடம் நடக்கிறது என்று கேட்பாள். பெண்கள் முறை வைத்துக்கொண்டு போனார்கள். பாட நோட்டை இரண்டு பிரதி எழுதி ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். காட்டுப்பள்ளிக்கும் முறை போட்டு இருவர் இருவராகப் போய் அம்மாவுக்குக் கஞ்சி வைத்தார்கள். அதற்கு இப்போது வார்டன் அம்மாளே கையெழுத்துப் போட்டார். ஒரு கையெழுத்து போடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

ஆறாம் நாள் தாடை இறுக ஆரம்பித்தது. துரு ஏறிய காயத்தால் வரும் ரணஜன்னி என்றார்கள். இருட்டறையில் போட்டு, சத்தம் கூடாது என்றார்கள். நான் போனபோது பல்லைக் கடித்தபடியே பேசினாள்.

“ஆயாம்மா, அன்னிக்கு என் டம்ளர் அலமாரிலயா இருந்திச்சு, கீழயா?”

“கீழேதான் இருந்துச்சு. தண்ணி மொண்டு வெச்சிருந்தா.”

“மூணாவது குறி வுழல?”

“விழல.”

சிரிக்கப் பார்த்தாள். தாடை விடவில்லை. “அப்ப நான் ஆஜர்தான்” என்றாள்.

ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

டிரங்குப் பெட்டி

பெட்டியை வாங்கிப்போக மாமன் வந்தார். உள்ளே இருந்தவற்றை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்: புடவை மூன்று, ரவிக்கை நான்கு, ஜெபமாலை ஒன்று, புத்தகம் ஏழு, பாட நோட்டு பதினொன்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். நோட்டுகளை மட்டும் வெளியே எடுத்து, ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் புரட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“எல்லாம் எழுதித்தான் கீது” என்றார். நோட்டை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்: “இன்னும் எம்மாம் பாக்கி இருந்திச்சும்மா, அது டீச்சர் ஆவறதுக்கு?”

பிரிவு உபசாரம்

அவள் விழுந்த மறுநாள் முதல் வார்டன் அம்மாள் தாமே பெயர் கூப்பிட்டார். பெண்கள் பழக்கப்படி டம்ளரும் எடுத்தார்கள். அலமாரியில் தினமும் ஒன்று மீதி கவிழ்ந்திருக்கும். அதை எடுத்து உள்ளே வை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. தூசி மட்டும் துடைத்தேன்.

பரீட்சை முடிந்து கடைசி நாள். பிரின்சிபால் அம்மாள், இந்தக் கல்லூரி உங்களுக்கு என்ன கொடுத்தது என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும் என்றார். ஒருத்தி, முதல் மாதம் காய்ச்சலில் கிடந்தபோது மற்றவர்கள் மாற்றி மாற்றி விழித்திருந்ததைச் சொன்னாள். ஒருத்தி, வீட்டில் கல்யாணத்துக்கு இழுத்தபோது எல்லோருமாகக் கடிதம் எழுதித் தடுத்ததைச் சொன்னாள். அந்த மூன்று குரல்காரி, “எங்க வூட்ல நான் ஒரே பொண்ணு. இங்க எனக்கு இருபத்துமூணு அக்கா தங்கச்சி” என்றாள். அவளைத் தவிர அங்கே இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். யாரும் திருத்தவில்லை. எண்ணுகிறவள் நானும் திருத்தவில்லை.

பொன்னுத்தாய் கடைசியாக எழுந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் பேச்சு எந்த ஊரும் இல்லாத பேச்சாகிவிட்டிருந்தது. “நாங்க ஒருத்திக்கு ஒருத்தி துணையா இருந்தோம், மேடம். அது நெசம். நான் ஊருக்குப் போகாம இருந்ததே அவளாலதான். ஆனா அந்தத் துணையிலதான் அவ செத்தா. அதையும் யாராச்சும் ஒருத்தி சொல்லணும்ல?” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முனியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

கிளம்பும்போது அவரவர் டம்ளரை அவரவர் எடுத்துப்போகலாம் என்று வார்டன் அம்மாள் சொல்லியிருந்தார். வரிசையாக வந்து எடுத்தார்கள். நான் அலமாரி அருகே நோட்டோடு நின்றேன். ‘மீதி ஒன்று’ என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தேன். பொன்னுத்தாய் வந்தாள். வலக்கையில் பதினெட்டு, இடக்கையில் பதினேழு. இரண்டையும் எடுத்த பிறகுதான் தன் கையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வார்டன் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன் ஆயாம்மா. கெடைச்சா, சனிக்கிழமை அவ அம்மாவுக்குக் கஞ்சி ஊத்த இது ஆகும்” என்றாள். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகாமல், கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். பெட்டியை வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

நான் எழுதியதை அடித்துத் திருத்தினேன். என் வேலைக்காலத்தில் என் கணக்கு ஒருநாளும் தவறியதில்லை, தவறியதெல்லாம் பெண்கள்தான், அன்றைக்கும் அலமாரியில் மீதி பூஜ்யம்.