பார்வையாளர் மாடத்தில் ஒரு நித்திரை

சட்டமன்றத்தில் தண்ணீர் பரிமாறப் போகிறவள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பி நாள் முழுதும் நடக்க வேண்டியிருக்கும் என்று விண்ணப்பப் படிவத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நகரின் கிழக்கோரத்தில், மோர்னிங்சைட்டில் குடியிருக்கும் நதீஷா அதைத் தன் குதிக்காலால் கற்றுக்கொண்டாள். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவள், மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினர்களுக்குத் தாளும் தண்ணீரும் கொண்டுகொடுக்கும் மாணவ ஏவலர்களுள் ஒருத்தியாக மூன்று கிழமைக்குத் தெரிவாகியிருந்தாள். செய்தி வந்த நாளில் பள்ளியில் கைதட்டினார்கள். ஞாயிறு பூசை முடிவில் பங்குத்தந்தை பெயர் சொல்லி வாழ்த்தினார். இரண்டாம் கிழமையின் புதன்கிழமை புலர்ந்தபோது அந்த வாழ்த்தொலி எல்லாம் அடங்கி, புதுக் கறுப்புச் சப்பாத்துக் கடித்த கொப்புளம் மாத்திரமே எஞ்சியிருந்தது.

அன்று அவளுடைய கப்டன் நாள். ஏவலர்களுள் நாளுக்கு இருவர் கப்டனாக நிற்பர். அவர்களுடைய பெற்றோர் பார்வையாளர் மாடத்தில் வந்து அமர்வர். கேள்வி நேரம் தொடங்குமுன் அவர்கள் தொகுதியின் உறுப்பினர் எழுந்து, பிள்ளையையும் வந்திருக்கும் பெற்றோரையும் பெயர் சொல்லி வரவேற்பார். சபை கைதட்ட, பெற்றோர் எழுந்து நிற்பார்கள். சொன்ன சொல் ஒவ்வொன்றும் சபையின் பதிவேட்டில் அச்சேறும். ஒரு பிள்ளைக்கு இந்த வாய்ப்பு ஒரே நாள்தான்.

தகப்பன் கிளிபோட் அதற்காகவே உடன் புறப்பட்டார். அவருக்கு அஜின்கோர்ட்டில் பாண் சுடும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை. அங்கிருந்து வந்தவர் முகத்தைக் கழுவி, கல்யாண வீடுகளுக்கு உடுத்தும் கோட்டை மாட்டிக்கொண்டார். தாய் எமில்டா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

"பத்தரைக்கு எனக்குப் பிரேக். போனிலை லைவ்வாப் பாப்பன்" என்றாள் எமில்டா, சப்பாத்தைக் கொழுவியபடி. "நீங்கள் அங்கை போய்ச் செபமாலை நித்திரை கொண்டிடாதையுங்கோ."

"நான் எப்பவப்பா கொண்டனான்?"

"பெரிய வெள்ளிக்கும் கொண்டனீங்கள். பக்கத்திலை இருந்த அன்ரி, உங்கட பக்தியைப் பாத்து அழுதவ."

அது உண்மை. கிளிபோட் கையில் செபமாலையைப் பிடித்து, தலையைச் சற்றே தாழ்த்தி, எதிலும் சாயாமல் அமர்ந்தபடியே உறங்கவல்லவர். இருபது வருட இரவு வேலை அவருக்கு ஈந்த வித்தை அது. பார்ப்பவர் அனைவரும் அவர் இறைவனோடு தனித்திருக்கிறார் என்றே எண்ணுவர். உண்மையை அறிய ஒரே அடையாளம் பெருவிரல். அது மணியை நகர்த்தினால் செபம், நின்றுவிட்டால் நித்திரை. இது மனைவிக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும்.

பஸ்ஸில் நதீஷாவின் அட்டைகளை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் படமும் பெயரும் அந்த அட்டைகளில் இருந்தன. எவருடைய ஆசனம் எங்கே என்பதை ஏவலர் நொடியில் சொல்ல வேண்டும்.

"இவர் ஆர் பிள்ளை?"

"எதிர்க்கட்சி, செக்கண்ட் ரோ. ஐஸ் போடாத தண்ணி."

"இவ?"

"லெஃப்ட் கோர்னர். நாளுக்கு எட்டுத்தரம் நோட் அனுப்புவா."

மூன்றாவது அட்டை உயர்ந்தது உயர்ந்தபடியே நின்றது. எதிரில் இருந்த பெண்மணி அந்தப் படத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். நதீஷா அட்டையை மெல்ல உருவி எடுத்தபோது அவர் திடுக்கிட்டு விழித்தார்.

"அப்பா, வீட்டை போய்ப் படுங்கோவன். பிறகு வீடியோவிலை பாக்கலாம்."

"விசர்க்கதை கதையாதை. வேலையிலை பதினாலு பேருக்குச் சொல்லிப்போட்டன், இண்டைக்கு என்ர பேர் பாலிமென்றிலை விழுமெண்டு. சூப்பவைசர் கேக்கிறான், நீ எந்தக் கட்சியிலை நிக்கிறாய் எண்டு." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் கொட்டாவியாக மாறியது.

ஒன்பது மணிக்குச் செங்கோல் முன்செல்ல, சபாநாயகர் உள்ளே வந்தார். அனைவரும் எழுந்து நிற்கக் காலைச் செபம் வாசிக்கப்பட்டது. மாடத்தின் முன்வரிசையில் தகப்பனின் உதடுகளும் உடன் அசைவதை நதீஷா சபாநாயகரின் ஆசனப் படியில் நின்று கண்டாள். செபம் முடிந்து அமர்ந்ததும், அவர் கோட்டுப் பையிலிருந்து செபமாலையை எடுத்தார்.

அதன்பின் அவள் மேலே பார்க்க நேரமில்லை. ஓர் உறுப்பினர் மடித்த தாளைப் பிடித்துக் கையை உயர்த்தினால் போதும், படியில் இருக்கும் ஏவலர் எழுந்து செல்ல வேண்டும். ஓடக்கூடாது. பேசிக்கொண்டிருப்பவருக்கும் சபாநாயகருக்கும் இடையே குறுக்கிடக்கூடாது. ஆகவே நாலு அடி தூரத்துக்கு நாற்பது அடி சுற்றி நடக்க வேண்டும். தாளை விரித்துப் பார்ப்பதும் ஆகாது. ஒருவரையொருவர் முகம் சிவக்கத் திட்டிக்கொண்ட இரு உறுப்பினர்கள் அடுத்த நிமிடமே அவள் கையில் தாள் கொடுத்தனுப்பித் தமக்குள் புன்னகைத்துக்கொண்டார்கள். முதல் கிழமையில் அது அவளுக்குப் பெரும் அதிசயமாக இருந்தது. இப்போது அதுவும் நடக்க வேண்டிய தூரம் மட்டுமே.

பத்து மணி கடந்து படியில் வந்து அமர்ந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தகப்பனின் தலை தாழ்ந்திருந்தது. பெருவிரல் ஒரு மணியின்மேல் இருந்தது. அவள் முப்பதுவரை எண்ணினாள். விரல் அசையவில்லை.

மாடத்துக் காவலர் ஒருவர் படியிறங்கி வந்து, அவர் அருகில் நின்று குனிந்தார். மாடத்தில் உறங்குபவரைத் தோளில் தட்டி எழுப்புவது வழக்கம். காவலர் செபமாலையைக் கண்டார். மரியாதையோடு இரண்டடி பின்வாங்கிப் போய்விட்டார்.

இன்னும் சற்று நேரத்தில் தகப்பனின் பெயர் சொல்லப்படும். சபை முழுவதும் திரும்பி அண்ணாந்து பார்க்கும். எழுந்து நிற்க வேண்டிய மனிதர் உறங்கிக்கொண்டிருப்பார். காவலர் வந்து தட்டுவார். சிரிப்பவர்கள் வன்மமின்றித்தான் சிரிப்பார்கள். ஆயினும் அந்தச் சிரிப்பிலேதான் அவர் கண்விழிப்பார். பெயர் சொல்லாமல் விட்டாலோ, பதினாலு பேரிடம் அவர் வெறுங்கையோடு போக வேண்டும். அவள் மாடத்துக்கு ஏறிச் செல்ல முடியாது. கைகாட்டவும் முடியாது. ஏவலர் அழைக்கப்பட்டாலன்றி இடம்பெயர்தல் ஆகாது.

அப்போது அவளுடைய தொகுதியின் உறுப்பினர் கையை உயர்த்தினார். நரைமுடியைக் கட்டையாக வெட்டிய பெண்மணி. நதீஷா அருகே சென்றதும் ஒரு தாளைக் காட்டி ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"அப்பாவின் பெயர் கிளிபோட். சரிதானே? எங்கே இருக்கிறார்?"

நதீஷா மேலே பார்த்தாள். நேற்றுப் பின்னேரத்திலிருந்து, பஸ்ஸில் ஒரு கணம் தவிர, மூடாத கண்கள் இப்போதுதான் மூடியிருந்தன. வாய் சற்றுத் திறந்திருந்தது.

"அப்பா இரவு முழுதும் வேலை செய்தவர்," என்றாள் அவளும் ஆங்கிலத்தில். "தயவுசெய்து அவரை வரவேற்க வேண்டாம். அம்மா வேலையிடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பெயர் எமில்டா. அதைச் சொல்லுங்கள்."

உறுப்பினர் கண்ணாடியைத் தாழ்த்தி அண்ணாந்து பார்த்தார். "அவர் செபிக்கிறார் போலிருக்கிறதே."

"இல்லை," என்றாள் நதீஷா.

உறுப்பினர் தாளை மேசையில் விரித்தார். பேனாவை எடுத்து, தகப்பனின் பெயர் இருந்த வரியை அடித்துவிட்டு எமில்டா என்று எழுதினார்.

பெயர்கள் வாசிக்கப்பட்டன. சபை கைதட்டியது. பாண் இயந்திரங்களின் நடுவே இருபது வருடம் நின்ற காதுகளை அந்தக் கைதட்டல் தொடவில்லை. அதன்பின் கேள்வி நேரத்தின் கூச்சலில், எவரோ மேசையில் ஓங்கி அடித்தபோதுதான் கிளிபோட் விழித்தார்.

அதன்பின் நடந்ததைத்தான் நதீஷாவால் தாங்க முடியவில்லை. அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்து நிமிர்ந்து அமர்ந்தார். உறுப்பினர் எவர் எழுந்தாலும், இதோ அழைக்கப்போகிறார்கள் என்று முன்னால் குனிந்தார். எழுந்தவர் அமர்ந்துவிட்டால் மெல்லப் பின்னால் சாய்ந்தார். ஒரு மணி நேரம் இப்படியே காத்திருந்தார். அவள் அந்தப் பார்வையின்கீழ் தண்ணீர் கொண்டுபோனாள், வெறும் கிளாஸ்களைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

மதிய இடைவேளையில் கீழ்த்தளத்து நடைக்கூடத்தில் இருவரும் சந்தித்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. எமில்டாவின் குரல் நதீஷாவுக்கும் கேட்டது.

"ஐயோ, என்ர பேரைச் சொல்லிப்போட்டினம். இங்கை நேர்ஸ்மார் எல்லாரும் வந்து கட்டிப்பிடிக்கினம். உங்களை ஏனப்பா சொல்லேல்லை? நீங்கள் அங்கை இல்லையோ?"

கிளிபோட் மகளைப் பார்த்தார். "இருந்தனான்," என்றார். "பிறகு எடுக்கிறன்."

சுவரோரத்து வாங்கில் இருவரும் அமர்ந்தார்கள். நதீஷா சப்பாத்தைக் கழற்றிக் குதிக்காலை விடுவித்தாள்.

"நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்."

"நித்திரை எண்டு கண்டிட்டியோ?"

"ஓம்."

"எழுப்பியிருக்கலாமே பிள்ளை."

"எனக்கு மேலை வர அலவுட் இல்லை அப்பா. சொறி."

அவர் முகத்தை உள்ளங்கையால் துடைத்தார். கோபம் வந்திருந்தாலும் அதைக் காட்ட அவருக்குத் தெம்பு இருக்கவில்லை. "பரவாயில்லை. நல்ல நித்திரை," என்றார். சற்றுக் கழித்து, "பதினாலு பேருக்கும் என்னத்தைச் சொல்லுறது?" என்று தன்னையே கேட்பதுபோல் கேட்டார். "சரி, உன்ர பேரையாவது ஒழுங்காச் சொன்னவையோ?"

"ஓம். ஃபுல் நேம். நதீஷா கிளிபோட் எண்டு."

முகத்தைத் துடைக்க மறுபடி உயர்ந்த அவருடைய கை பாதியிலேயே நின்றது. தகப்பன் பெயரே பிள்ளையின் பெயருக்குப் பின்னே வரும் குடும்பம் அது. அடித்த வரியைத் தவிர்த்துவிட்டு வாசித்த உறுப்பினர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நதீஷாவுக்கும் இந்தக் கணம்வரை அது தோன்றவில்லை.

"கிளிபோட் எண்டும் சொன்னவையோ?"

"சொன்னவை."

"மைக்கிலையோ?"

"மைக்கிலைதான் அப்பா. எழுத்திலையும் வரும்."

கிளிபோட் மணிக்கூட்டைப் பார்த்தார். மாலை ஆறு மணிக்கு மறுபடி வேலைக்குப் புறப்பட வேண்டும். அதற்குமுன் வீட்டுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். வாங்கிலிருந்து எழும்ப வேண்டியவர் எழும்பவில்லை.

"அந்த மனிசி எப்பிடிச் சொன்னவ? சொல்லிக் காட்டு பாப்பம்."

நதீஷா நிமிர்ந்து அமர்ந்து, உறுப்பினரின் குரலில், ஆங்கில உச்சரிப்பிலேயே சொல்லிக் காட்டினாள்.

"இன்னொருக்கா," என்றார் அவர், கண்களை மூடிக்கொண்டு.

அவள் இன்னொரு முறை சொன்னாள்.